மகனின் கல்லறையைக் காணாத தந்தை



ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் பலி கொடுக்கப் போகிற கூட்டம் நம் கொட்டாரம் வழியாகத்தான் போகிறது. உங்களில் பலரும் போயிருப்பீர்கள். இறந்த தேதி தெரியாதவர்களுக்கும் அன்று எள்ளும் தண்ணீரும் விடுவது வழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. என் பாட்டியின் அண்ணன். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனவர், திரும்பவே இல்லை.

முதல் உலகப் போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11 அன்று. போரில் மாண்டவர்களை உலகின் பல நாடுகள் நினைக்கும் நாள் அது. அதை ஒட்டி வரும் இந்த இதழில், அப்படித் திரும்பாத ஒரு பிள்ளையின் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவரை நீங்கள் அறிவீர்கள். நம் பேரப்பிள்ளைகள் டி.வி.யில் பார்க்கும் மௌக்லி கதையை எழுதிய ருட்யார்ட் கிப்ளிங்தான் அவர்.

1865இல் பம்பாயில் பிறந்தார். ஆறு வயது நிறையும் முன்பே படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1882இல் திரும்பி வந்து லாகூரில் பத்திரிகை வேலை பார்த்தார். ‘ஜங்கிள் புக்’ 1894இல் வெளிவந்தது. 1907இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். ஆங்கிலத்தில் எழுதியவர்களில் அந்தப் பரிசை முதலில் வாங்கியவர் இவரே.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆங்கிலேய ஆட்சியே சரி என்று நம்பியவர். ஜாலியன்வாலாபாக்கில் சுட உத்தரவிட்ட டயருக்காகத் திரட்டிய நிதிக்குப் பணமும் கொடுத்தார்.

1914இல் போர் தொடங்கியது. ஒரே மகன் ஜானுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. ராணுவம் அவனைத் தள்ளிவிட்டது. கிப்ளிங் விடவில்லை. தமக்கு வேண்டிய பெரிய தளபதி ராபர்ட்ஸ் பிரபுவிடம் சிபாரிசு பிடித்து, ஐரிஷ் கார்ட்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பரில், பிரான்சில் லூஸ் என்ற ஊரில் நடந்த சண்டையில் ஜானைக் காணவில்லை. பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. உடல் கிடைக்கவில்லை. தகப்பனும் தாயும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள். அவனோடு நின்ற சிப்பாய்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். தாமே சிபாரிசு செய்து அனுப்பிய பிள்ளை என்ற நினைப்பு அந்தத் தகப்பனை எப்படி வாட்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1917இல் போர்க் கல்லறைகளுக்கென ஓர் ஆணையம் அமைந்தது. கிப்ளிங் அதில் உறுப்பினரானார். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் தனிச் சலுகை இல்லை என்பது ஆணையத்தின் கொள்கை. பெயர் தெரியாதவர்களின் கல்லில் என்ன பொறிப்பது என்பதற்கு வாசகம் தந்தவர் கிப்ளிங். சாகும்வரை, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், அந்தப் பணியில் இருந்தார். ஜான் இருந்த படையின் போர் வரலாற்றையும் எழுதி 1923இல் வெளியிட்டார்.

இதில் நம்மவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள். 70,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிரான்சில் நூவ் ஷபெல் என்ற ஊரில், கல்லறை இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் 1927இல் திறக்கப்பட்டது. கிப்ளிங் அங்கே போயிருந்தார். ஆனால் ஈராக்கில் பஸ்ரா நினைவிடத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை, எண்ணிக்கை மட்டும்தான். எல்லோரும் சமம் என்ற கொள்கை அங்கே நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை. இப்படி நடந்ததற்காக அந்த ஆணையம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது.

கிப்ளிங் 1936 ஜனவரியில் காலமானார். மகனின் கல்லறையைக் காணாமலே போய்விட்டார். 1992இல், பெயரில்லாத கல்லறை ஒன்று ஜானுடையது என்று ஆணையம் அறிவித்தது. அதையும் சிலர் ஏற்கவில்லை.

வங்கியில் பல ஆண்டுகள் பேரேடு எழுதியவன் நான். பல வருடம் யாரும் வந்து கேட்காத கணக்கானாலும், அதில் பெயர் இருந்தால் வாரிசு வந்து கேட்கலாம். வெறும் தொகையை வைத்து யாரைத் தேடுவது?

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னைக்குப் போனால் நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை பாருங்கள். முதல் போரில் மாண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம், கட்டணம் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பட்டாளத்துக் காகிதமோ பதக்கமோ கிடந்தால் எடுத்துத் துடைத்து, அது யாருடையது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெயரை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள். பாட்டியின் அண்ணன் பெயரை நான் எழுதி வைத்துவிட்டேன்.