டெமாஸ்தனீஸ் என்னும் நாவலர்

சபை நடுவே பேசுந் திறம் பிறவியில் வாய்ப்பதேயன்றி முயற்சியால் வருவதன்று எனக் கருதி, நம்மவரிற் பலர் கூட்டங்களில் வாய் திறவாது அமர்ந்திருத்தலைக் காண்கின்றோம். அன்னார்பொருட்டு, கிரேக்க தேசத்து ஆதென்ஸ் நகரத்தவரான டெமாஸ்தனீஸின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி எழுதலுற்றோம்.

அவர் கி. மு. 384-ம் ஆண்டையொட்டிப் பிறந்தார். தந்தையார் வாட்பட்டறையும் கட்டிற்பட்டறையும் உடைய செல்வர். மைந்தர்க்கு ஏழு வயது நிகழுங்கால் இறந்தனர். அவர் காப்பாளராக நியமித்துச் சென்ற மூவருள் இருவர் அவருடைய உடன்பிறந்தார் மக்களே. ஏறக்குறைய 14 தாலந்து பெறுமான சொத்து, பிள்ளைக்குப் பிராயம் வந்தபோது ஒரு தாலந்துக்குச் சற்று மிகுந்ததாய்ச் சுருங்கி நின்றது. அநாதப் பிள்ளைகளின் பொருள் உறவினர் கையிற் கரைதல் எத்தேசத்தும் உண்டு போலும்!

அந்நகரத்து நியாயசபையில் வழக்காளி தன் வழக்கைத் தானே எடுத்துரைத்தல் வேண்டும். ஆதலின் அவர் இசேயஸ் என்பவரிடம் உரைக்கலை பயின்று, இருபது வயதளவில் தாமே வாதித்து வென்றார். தீர்ப்புக் கிடைத்தது, பொருளிற் பெரும்பகுதி கிடைத்திலது.

ஜனசபையில் முதன்முறை பேசியபோது நகைப்புக்கே ஆளானார். குரல் மெலிந்தது, மூச்சு நீளாது, நாவும் தடுமாறும். வாயிற் கூழாங்கற்களை இட்டுப் பேசினார் என்றும், வெளியே செல்ல நாணும்படி தலையில் ஒரு பாதியைச் சிரைத்துக்கொண்டு நிலவறையிற் பயின்றார் என்றும் புளூடார்க் எழுதியுள்ளார். இவற்றில் மிகையும் இருக்கலாம். நாம் பெரிதும் மதிப்பது வேறொன்று. கூலி பெற்றுப் பிறர் வழக்குகளுக்கு உரை எழுதிக் கொடுத்து அவர் ஜீவித்தார். தீர்ப்பளிப்போர் நூற்றுக்கணக்கான குடிமக்கள். அவர்கள் எவ்விடத்து ஐயுறுவர், எவ்விடத்து இரங்குவர் என்பதை முன்னரே எண்ணி எழுத வேண்டியிருந்தது. கூழாங்கற்கள் நாவைத் திருத்தியிருக்கலாம். கேட்போர் மனத்தை அறிவித்தது இத்தொழிலே.

மக்கெதோனிய அரசன் பிலிப்பு வடநகரங்களைக் கவர்ந்துவருகையில், கி. மு. 351-ல் தம் நகரத்தாரைப் பழக்கமற்ற குத்துச்சண்டைக்காரனுக்கு ஒப்பிட்டார். அவன் அடிபட்ட இடத்தையே கையாற் பொத்துவான். வேறிடத்து அடித்தால் கை அங்கே செல்லும். எதிரியின் முகம் நோக்கித் தடுக்க அறியான். கேட்டோர் தம்மையே அவ்வுவமையிற் கண்டிருப்பர்.

எனினும் கி. மு. 338-ல் கைரோனியாப் போரில் ஆதென்ஸ் தோற்றது. அப்போருக்கு நகரத்தாரை எழுப்பியவர் இவரே. பின்பு இவர்க்குப் பொன்முடி சூட்டக் கருதியபோது, ஈஸ்கினீஸ் என்னும் பகைவர் அது சட்டவிரோதமென வழக்கிட்டார், கி. மு. 330-ல் விசாரணை நிகழ்ந்தது. சட்டநுணுக்கத்தில் ஈஸ்கினீஸின் பக்கம் வலியுடைத்து. டெமாஸ்தனீஸ் அப்பகுதியைத் தம் உரையின் நடுவே ஒடுக்கி வைத்து, முதலும் முடிவும் நகரத்தின் மானத்தையே பேசினார். பகைவன் எலாத்தியாவைப் பிடித்தானென்று செய்தி வந்த மாலையையும், மறுநாட் சபையில் பேச முன்வருவோர் யாரென வினவப்பட்டும் ஒருவரும் எழாத அமைதியையும் கண்முன் நிறுத்தி, அப்பொழுது எழுந்தவர் தாமே என நினைப்பூட்டினார். தோல்வியை மறுத்தாரல்லர்; முடிவு முன்னரே தெரிந்திருப்பினும் அவ்வாறே செய்தல் தக்கதென்று கூறி, மாரதானிலும் சலாமிசிலும் பொருத முன்னோர்மீது ஆணையிட்டார். அவை வென்ற போர்கள், கைரோனியாவோ தோற்றது. ஆதலால் வெற்றி என்னுஞ் சொல்லை அவ்விடத்து வாய்தவறியும் வழங்காமையைப் பழைய உரைக்கலை நூலார் வியந்துள்ளனர்.

அதே உரையில் பகைவரின் தந்தையை அடிமையென்றும் தாயை இழிவாகவும் பழித்தார். அதனை நாம் மெச்சோம். வாதத்தில் வலியிருக்கையில் பிறப்பை இழித்தல் எதற்கு? ஈஸ்கினீஸ் ஐந்திலொரு பங்கு வாக்கும் பெறாது தோற்று நகர் நீங்கினார்.

பின்னர் ஹார்ப்பலஸ் என்பவனது பொருளை ஏற்ற குற்றத்திற்காக 50 தாலந்து தண்டம் விதிக்கப்பட்டு டெமாஸ்தனீஸும் வெளியேற நேர்ந்தது. மீண்டும் அழைக்கப்பட்டும், மக்கெதோனியர் மேலோங்கவே, கலாவுரியாத் தீவின் கோயிலிற் புகுந்தார். கி. மு. 322-ல் பிடிக்க வந்தோரிடம், வீட்டாருக்கு ஒரு கடிதம் எழுதுமளவும் பொறுக்குமாறு வேண்டி, தம் நாணல் எழுதுகோலை வாயில் வைத்துக் கடித்தார். அதனுள் நஞ்சிருந்தது.