வெர்னர் ஃபோர்ஸ்மன்

உயிருள்ள மனிதனின் இருதயத்தைத் தீண்ட மருத்துவர்கள் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அதனுள் அயற்பொருள் பட்டால் துடிப்பு நின்றுவிடும் எனப் பலரும் நம்பினர். அவ்வச்சத்தைத் தம் உடலையே சோதனைக் களமாக்கிப் போக்கியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன்.

இவர் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் முதல் உலகப்போரில் உயிர் துறந்தார். மருத்துவம் பயின்ற ஃபோர்ஸ்மன், 1929-இல் எபர்ஸ்வால்டு என்னும் ஊரின் மருத்துவமனையில் பணியேற்றார். குதிரையின் கழுத்துச் சிரை வழியே இருதயத்திற்குக் குழாய் செலுத்திய பிரெஞ்சு அறிஞரின் படம் இவர் மனத்திற் பதிந்திருந்தது. மனிதர்க்கும் அவ்வாறு செய்தால் மருந்தை நேரே இருதயத்திற் சேர்க்கலாமே என எண்ணினார். தலைமை மருத்துவர் இசைவு தர மறுத்தார்.

அறுவைக் கருவிகளைக் காத்துவந்த செவிலி, தம்மீதே அச்சோதனையைச் செய்யுமாறு முன்வந்தார். ஃபோர்ஸ்மன் இசைந்தவர்போல் அவரை மேசையிற் படுக்கவைத்துக் கட்டினார். பின்பு தம் இடக்கைச் சிரையைத் திறந்து மெல்லிய குழாயொன்றை உட்செலுத்தினார். செவிலிக்கு உண்மை விளங்கியபோது காரியம் மிஞ்சிவிட்டது. கட்டவிழ்க்கப்பட்ட அவருடன் ஃபோர்ஸ்மன் படியிறங்கி எக்ஸ் கதிர் அறைக்குச் சென்றார். அங்கு விரைந்து வந்த நண்பர் ஒருவர் குழாயைப் பிடுங்க முயன்றார், இவர் விடவில்லை. கண்ணாடியில் தெரிந்த நிழலுருவை நோக்கியவாறே 65 சென்டிமீட்டர் அளவு குழாயைச் செலுத்தினார். அதன் முனை இருதயத்தின் வலது மேலறையை எட்டியது. இருதயம் நிற்கவில்லை.

பாராட்டுக்கு மாறாக ஏளனமே கிடைத்தது. பெர்லினிற் பெற்ற பதவியும் பறிபோயிற்று. சிறுநீரக மருத்துவத்தை மேற்கொண்டார். 1932-இல் இட்லரின் கட்சியிற் சேர்ந்தது இவர் வாழ்வில் நீங்காக் களங்கம். போரும் சிறைவாழ்வும் கடந்து சிற்றூர் மருத்துவராய் வாழ்ந்தார். இதற்கிடையே இவர் காட்டிய வழியை நியூயார்க்கில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் வளர்த்தனர். 1956-இல் மூவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

ஆயினும், இவ்வழியில் வேறோர் இடர் இருந்தது. அயற்பொருளைத் தொடும் இரத்தம் உறையும் இயல்புடையது. குழாயின்மேற் படியும் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். பிறவியிலேயே இருதயச் சுவரில் துளையுள்ள குழந்தைக்கோ, அத்துளை வழியே இடப்புறம் கடந்து மூளையையே தாக்கலாம். குழந்தையின் இரத்தக் குழாய்கள் மிகச் சிறியனவாதலால், குழாய் புகுந்த இடமே அடைபடுவதும் உண்டு. இதனைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்துக்கு வித்திட்டவர், 1916-இல் பால்டிமோரில் நாயின் ஈரலை ஆராய்ந்த மாணவர் ஜே மெக்லீன். 1929-இல் அது மனிதர்க்கு ஏற்ற தூய்மை பெறவில்லை. ஃபோர்ஸ்மன் அத்துணையின்றியே துணிந்தார். பிற்காலத்து மருத்துவர் குழந்தையின் எடைக்கேற்ப அதனை அளந்து கொடுத்து, இரத்தம் உறையும் நேரத்தை இடையிடையே சோதிக்கலாயினர். குறைந்தால் உறைகட்டி, மிகுந்தால் இரத்தப்போக்கு.

1966-இல் ஃபிலடெல்ஃபியாவின் ராஷ்கைண்டு, குழாய் முனையிற் சிறு பலூனைப் பொருத்தினார். பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறந்து, உடல் நீலம் பாய்ந்த சிசுக்களின் மேலறைச் சுவரை அதனால் அகலத் திறந்து, நல்ல இரத்தம் கலந்தோட வழிசெய்தார். மார்பைக் கீறவேண்டியிருக்கவில்லை. இச்செய்தி வெளிவந்தபோது ஃபோர்ஸ்மன் உயிரோடிருந்தார். 1979-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் ஜெர்மனியின் ஷோப்ஃபைம் நகரில் இருதய நோயால் மறைந்தார்.