கால் முறிந்தபோது பாம்பன் சுவாமிகளுக்கு நடந்தது என்ன?

ஓம் சரவணபவ!

முருகனடியார்களே, ஒரு விபத்து, ஒரு பெரிய பயம், ஒரு இழப்பு... அது முடிஞ்சு பல நாள் ஆனாலும் உடம்பு அதை மறக்காது. ராத்திரி தூக்கம் வராது. சின்ன சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். அப்படி இருக்கிற பிள்ளைகள் கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டிய வாழ்க்கை நம்ம பாம்பன் குமரகுருதாச சுவாமிகளோடது.

ராமேஸ்வரத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் அப்பாவு. திருமணம், மூன்று குழந்தைகள் என்று குடும்பமாக வாழ்ந்தவர்தான். பிறகு துறவியானார். முருகன் மேல் 6666 பாடல்கள் பாடினார்.

அதில் நாம் எல்லோரும் படிக்கிற சண்முக கவசம் 1891-ல் பிறந்தது. மொத்தம் 30 பாடல்கள். தமிழின் 12 உயிரெழுத்தும் 18 மெய்யெழுத்தும் வரிசையாக ஒவ்வொரு பாட்டுக்கும் முதலெழுத்தாக வரும். தலை, நெற்றி, கண், காது என்று ஒவ்வொரு உறுப்பாகச் சொல்லி, இதை நீ காப்பாத்து முருகா என்று ஒப்படைத்துக்கொண்டே போகும்.

1894-ல் ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசையில், மயான பூமியில் ஒரு குழி வெட்டி, அதற்குள் 35 நாள் தவம் இருந்தார். பயமுறுத்தும் எத்தனையோ தொல்லைகள் வந்தும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கேதான் முருகன் காட்சி கொடுத்து உபதேசம் செய்தார் என்பது அடியார்கள் வழிவழியாகச் சொல்வது.

இப்படிப்பட்ட மகானுக்குத் துன்பமே வரக்கூடாது இல்லையா? ஆனால் வந்தது.

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெருவில் சுவாமிகள் நடந்து போகும்போது ஒரு ஜட்கா வண்டி மோதி, சக்கரம் காலில் ஏறிவிட்டது. இடது கால் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. உடனே சென்னை பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

டாக்டர்கள் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. வயதாகிவிட்டது. உப்பு, புளி, காரம் எல்லாம் விட்டு ரொம்ப வருஷம் ஆன உடம்பு. இந்த எலும்பு இனி கூடுவது கஷ்டம், காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் கவசம் பாடிக் கொடுத்தவர், தன் கால் முறிந்து அசைய முடியாமல் படுக்கையில் கிடக்கிறார். அப்போது அவருக்காக அந்தக் கவசத்தைப் பாராயணம் செய்தவர் அவருடைய சீடர் சின்னசாமி ஜோதிடர். குரு எழுதியது, குருவுக்கே மருந்தாகத் திரும்பி வந்தது! முறிந்த எலும்பை வேல்கள் தாங்கிச் சேர்த்து வைப்பது போல அந்தச் சீடருக்குக் காட்சி கிடைத்தது என்பார்கள்.

11-ஆம் நாள், 1924 ஜனவரி 6. அன்று இரவு படுக்கையில் இருந்தபடியே சுவாமிகள் மயில்கள் ஆடுவதையும், முருகன் குழந்தை வடிவில் தன் பக்கத்திலேயே படுத்திருப்பதையும் கண்டார். எலும்பு கூடியது, காலை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அந்த நாளைத்தான் மார்கழி வளர்பிறைப் பிரதமையில் மயூர வாகன சேவன விழாவாக இன்றும் கொண்டாடுகிறோம்.

அதன் பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை மறைக்கவோ மறக்கவோ பார்க்காமல் பாட்டாகவே பாடினார். அந்த நூலின் பெயர் அசோகசாலவாசம். அசோகம் என்றால் சோகம் இல்லாதது. வலியோடு கிடந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் அது!

ஆனால் எல்லாக் காயமும் அவருக்கு ஆறவில்லை. முருகன் சொல்லாமலே, அவன் உத்தரவு கிடைத்து பழனிக்குப் போகிறேன் என்று 1891-ல் ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டார். அந்தப் பொய்க்காக முருகன் கோபித்து, நான் கூப்பிடும் வரை பழனிக்கு வராதே என்று கட்டளையிட்டார். அந்த அழைப்பு கடைசி வரை வரவில்லை. 1929 மே 30-ல் சமாதி அடையும் வரை, 38 வருஷம், அவர் பழனி மலையை மிதிக்கவே இல்லை. அந்த ஏக்கத்தோடுதான் பாடினார், பூஜை செய்தார், சீடர்களுக்கு வழி காட்டினார். முறிந்த கால் 11 நாளில் கூடியது. பழனி ஏக்கம் கூடவே இருந்தது. இரண்டுமே முருகன் கொடுத்ததுதான் என்று ஏற்றுக்கொண்டார்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

முதலில், சுவாமிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார். பாராயணமும் நடந்தது, வைத்தியமும் நடந்தது. மனசுக்கு அடிபட்டாலும் அப்படித்தான். டாக்டரைப் பார்ப்பதால் பக்தி குறையாது.

அடுத்தது, நம்மால் முடியாதபோது நமக்காக இன்னொருத்தர் பாராயணம் செய்யலாம். வாய் திறந்து கேளுங்க. வீட்டில் யாராவது உடைஞ்சு போய் இருந்தால், நீங்களே அவங்களுக்கு அந்தச் சின்னசாமி ஜோதிடர் ஆகுங்க.

படபடப்பு வரும்போது சண்முக கவசத்தை வேகமாக ஓட்டாதீங்க. ஒரு பாட்டை நிதானமாக, வாய்விட்டுச் சொல்லுங்க. நீளமாகச் சொல்லும்போது மூச்சு மெதுவாக வெளியே போகும், நெஞ்சின் படபடப்பு தணியும். எந்த உறுப்பின் பெயர் வருதோ அங்கே மனசை வைங்க. நெற்றியைச் சொல்லும்போது நெற்றிச் சுருக்கத்தைத் தளர்த்துங்க, தோளைச் சொல்லும்போது தோளை இறக்குங்க. ஒரு நாளில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காமல் தினமும் செய்யுங்க.

முடிந்தால் ஒருமுறை திருவான்மியூரில் இருக்கிற சுவாமிகள் ஜீவசமாதிக்குப் போய், பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வாங்க. அடிபட்டவர் வலியை அடிபட்டவருக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரியும்.

வேலும் மயிலும் துணை!
பாம்பன் சுவாமிகள் திருவடி சரணம்!
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!