அறுபது வயதில் தமிழ் கற்றவர்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் நடந்து செல்வோர் தமிழையும் மலையாளத்தையும் மாறி மாறிக் கேட்கலாம். தமிழில் மலை என்பது மலையாளத்தில் மல ஆகும். தலை, தல ஆகும். மழை, மழ ஆகும். வாழை, வாழ ஆகும். இலை, இல ஆகும். சொல்லின் இறுதியில் தமிழ் ஐகாரம் நிற்கும் இடத்தில் மலையாளத்தில் அகரம் நிற்கிறது. ஒரு சொல்லில் மட்டும் இவ்வாறு நேர்ந்திருந்தால் அதனைத் தற்செயல் எனத் தள்ளிவிடலாம். சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் நேர்வதனால், இவ்விரு மொழிகளும் ஒருதாய் மக்கள் என்று மொழியறிஞர் துணிந்தனர். இவ்வொழுங்கினை அவர்கள் ஒலியொப்புமை என்பர்.

மலையாளம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்புறத்து மொழி. தமிழோடு அதற்குள்ள உறவைக் காண்பது எளிது. இதே ஒழுங்கினைக் கடல் பல கடந்து, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் இடையே தேடிய அறிஞர் ஒருவர் இருந்தார். அத்தேடலுக்காக அவர் தம் வாழ்நாள் முழுதும் ஈட்டிய புகழையே பணயமாக வைத்தார். அவர் பெயர் சுசுமு ஓனோ.

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னும் இட்ட பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். ஆகவே தம் நாட்டில் அவர் ஓனோ சுசுமு. ஓனோ என்றால் பெரிய வெளி என்பது பொருள். சுசுமு என்பது ஆண் மக்களுக்கு இடும் பெயர். முன்னேறிச் செல் என்னும் பொருளுடைய வினைச்சொல்லும் அதுவே. அந்நாட்டில் பெயரை ஒலியால் மட்டும் அறிய இயலாது. ஒரே ஒலியுடைய பெயரைப் பல்வேறு சீன எழுத்துகளால் எழுதலாம். ஒவ்வொரு குடும்பமும் தான் விரும்பிய எழுத்தைத் தேர்ந்துகொள்ளும். 1987ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்ற தொனெகவா என்பவரும் சுசுமுவே. ஆனால் அவர் பெயரின் எழுத்து வேறு. மரபணுக்கள் இரட்டித்தலால் உயிர்கள் எவ்வாறு மாறி வளர்ந்தன என்பதை 1970ஆம் ஆண்டு நூலாக எழுதிய அறிவியலறிஞர் ஒருவர் உண்டு. அவர் இட்டபெயர் மட்டுமன்றிக் குடும்பப் பெயரும் ஒத்த மற்றொரு சுசுமு ஓனோ. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினால் இருவருக்கும் வேறுபாடே தெரியாது. ஜப்பானிய எழுத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒலி ஒன்றாயினும் உறவு ஒன்றாவதில்லை என்பதை அந்நாட்டவர் பெயரளவிலேயே அறிவர்.

மொழியறிஞரான சுசுமு ஓனோ 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் டோக்கியோ நகரின் ஃபுகாகவா என்னும் பகுதியில் பிறந்தார். டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் பயின்று 1943ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். நாடு போரில் மூழ்கியிருந்த காலம் அது. ஹஷிமோட்டோ ஷின்கிச்சி என்னும் பேராசிரியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

ஆசிரியரிடமிருந்து மாணவர் பெற்ற செல்வம் பழம்பாடல் ஆராய்ச்சி. எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற மன்யோசூ ஜப்பானியரின் மிகப் பழைய பாடல் தொகை. இருபது பகுதிகளில் ஏறத்தாழ 4,500 பாடல்களைக் கொண்டது. அரசர், அரசியர், எல்லைக் காவலர், பெயரறியா எளியோர் எனப் பலரும் பாடிய பாடல்கள் அதில் உள்ளன. தமிழர் அத்தொகையைக் கண்டால் குறுந்தொகையும் அகநானூறும் நினைவில் எழுவது இயல்பே. அப்பாடல்கள் தொகுக்கப்பட்டபோது ஜப்பானியருக்குத் தமக்கென எழுத்து இல்லை. சீன எழுத்துகளையே ஒலிக்குறிகளாகக் கொண்டு எழுதினர். இன்று ஒன்றாக ஒலிக்கும் சில அசைகள் அன்று இரு வேறு எழுத்து வரிசைகளால் எழுதப்பட்டன என்பதை ஹஷிமோட்டோ விளக்கினார். பண்டை ஜப்பானியத்தில் இன்றுள்ளதைவிட மிகுதியான உயிரொலிகள் இருந்தன என்ற முடிவுக்கு அது வழிவகுத்தது. ஓனோ அவ்வழியில் நடந்து, மன்யோசூவின் ஆய்வுப் பதிப்பை உருவாக்கிய மூவருள் ஒருவரானார். 1960ஆம் ஆண்டு முதல் காக்குசூயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்துப் பிறருடன் இணைந்து தொகுத்த பழஞ்சொல் அகராதி 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவனாமி பதிப்பகம் வெளியிட்ட அவ்வகராதி பழைய இலக்கியம் பயில்வோருக்கு இன்றியமையாத துணையாயிற்று.

அகராதி தொகுப்போர் ஒவ்வொரு சொல்லின் முன்னும் நின்று, இது எங்கிருந்து வந்தது எனக் கேட்டாக வேண்டும். ஜப்பானிய மொழிக்கு இவ்வினா மிகக் கடியது. ரியூக்யூத் தீவுகளின் மொழிகளைத் தவிர அதற்கு ஐயமற உறவென்று சொல்லத்தக்க மொழி ஏதும் நிறுவப்படவில்லை. கொரிய மொழியோடும் நடு ஆசிய மொழிகளோடும் தென்கடல் தீவு மொழிகளோடும் பலர் ஒப்பிட்டுப் பார்த்தனர். எதுவும் அனைவருக்கும் உடன்பாடாகவில்லை. ஓனோவும் 1957ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய மொழியின் தோற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். விடை கிடைக்கவில்லை.

1970களில் ஜப்பானிய அறிஞர் இருவர் திராவிட மொழிகளின்பால் கவனத்தைத் திருப்பினர். ஒருவர் ஃபுஜிவரா அகிரா. மற்றொருவர் பெயரும் சுசுமு: ஷிபா சுசுமு. அவர்கள் காட்டிய திசையில் ஓனோவும் நோக்கினார். திராவிட மொழிகளுள் பழைய இலக்கியம் மிகுதியாக உடைய தமிழைத் தேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபதை எட்டியிருந்தது. பலரும் ஓய்வை எண்ணும் வயதில் அவர் தமிழ் நெடுங்கணக்கைக் கற்கத் தொடங்கினார். 1980ஆம் ஆண்டில் தமிழ், ஜப்பானிய ஒலியொப்புமை பற்றிய அவரது நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சென்னையில் தங்கித் தமிழ் பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பொற்கோ அவருக்குத் துணை நின்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர் ஜப்பான் சென்று அவருடன் பணியாற்றினர்.

அவர் கண்ட ஒப்புமைகளுள் ஒன்றை இங்கே விரிவாகக் காணலாம். பண்டை ஜப்பானியத்தில் இருந்த பகர ஒலி காலப்போக்கில் ஹகரமாக மாறியது. இது எல்லா அறிஞரும் ஏற்ற செய்தி. கன்னடத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்துள்ளது: தமிழில் பால், பல், பத்து என்பவை அங்கு ஹாலு, ஹல்லு, ஹத்து ஆகும். இம்மாற்றத்தை மனத்திற்கொண்டு, புன்செய் நிலத்தைக் குறிக்கும் ஹதகே என்னும் ஜப்பானியச் சொல்லைத் தமிழின் படுகர் என்னும் சொல்லோடு ஓனோ இணைத்தார். நெல்வயலைக் குறிக்கும் தம்போ என்பதைத் தம்பல் என்னும் உழவுச் சொல்லோடும், நெஞ்சை உருக்கும் உணர்வைக் குறிக்கும் அவரே என்பதை அவலம் என்பதோடும் இணைத்தார். இவ்வாறு ஏறத்தாழ ஐந்நூறு சொற்களைத் தொகுத்தார்.

சொற்களோடு அவர் நிற்கவில்லை. வடஜப்பானின் சிற்றூர்களில் தை மாதத்தை ஒட்டிய சிறு புத்தாண்டு நாளில் சிவப்புப் பயறு இட்ட கஞ்சி காய்ச்சுவர். காக்கைகளை அழைத்து உணவிடும் வழக்கமும் உண்டு. சில ஊர்களில் ஹொங்கா என்று தொடங்கும் கூவலும் எழும். முன்னர்க் கண்ட ஒலிமாற்றத்தின்படி அந்த ஹகரம் முன்பு பகரமாக இருந்திருக்குமாயின் அக்கூவல் எதனை நினைவூட்டும் என்பதைத் தமிழ் மாணவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைக்கும் வழக்கத்தையும், சங்கப் பாடல்களின் யாப்பையும் மன்யோசூவின் யாப்பையும் அவர் ஒப்பிட்டார்.

தமிழ்நாட்டில் இவ்வாய்வு பெருமகிழ்ச்சியோடு வரவேற்கப்பட்டது. ஜப்பானில் நிலைமை அவ்வாறில்லை. அவருடைய அகராதியைப் போற்றிய மொழியியலாளர் பலரே இக்கருத்தைக் கடுமையாக மறுத்தனர். அவர்தம் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. தமிழ் அகராதி மிகப் பெரியது. பொருளைச் சற்றே நெகிழவிட்டுத் தேடினால் எம்மொழிக்கும் சில நூறு இணைகள் கிடைத்துவிடும். பெயர் என்பதற்கு ஜப்பானியச் சொல் நமாயே, ஆங்கிலத்தில் நேம், அவ்விரண்டிற்கும் உறவில்லை. எழுவாய் முதலிலும் வினை இறுதியிலும் வருவது தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் பொதுவே. கொரியத்திற்கும் துருக்கியத்திற்கும் அதுவே இயல்பு. தமிழை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடாமல், திராவிட மொழிகள் அனைத்திற்கும் மூலமான பழைய வடிவத்தோடு ஒப்பிட வேண்டும் என்றும் கூறினர். நெல் வேளாண்மை சீனத்து யாங்சி ஆற்றுப் பகுதியிலிருந்து கொரியா வழியே வந்தது என்பதே தொல்லியலார் பெரும்பாலோர் கருத்து.

ஓனோ பின்வாங்கவுமில்லை, செவிமடுக்காமல் இருக்கவுமில்லை. இரு மொழிகளும் ஒரு மூலத்திலிருந்து பிறந்தவை என்ற கருத்தைத் திருத்திக்கொண்டார். நெல்லும் நெசவும் இரும்பும் கொண்டு கடல்வழியே வந்த தமிழரின் மொழி, அங்கு முன்பே வழங்கிய மொழியோடு கலந்தது எனப் பின்னர்க் கூறினார். இக்கருத்தும் ஏற்கப்படவில்லை. இன்றுவரை மொழியியலில் இவ்வுறவு நிறுவப்பட்ட உண்மையன்று. தமிழ்ப் பெருமை பேசும் மேடைகளில் இதனை முடிந்த முடிவெனக் கூறுவது ஓனோவின் உழைப்புக்கும் நீதி செய்வதாகாது. மறுப்புக்கு மறுப்பு எழுதியும் தம் பட்டியலைத் தாமே திருத்தியும் வந்தவர் அவர்.

இவ்வழக்கு நடந்த ஆண்டுகளிலும் பிற பணிகள் குறையவில்லை. பழைய ஜப்பானிய இலக்கணத்தின் வாக்கிய இயைபு பற்றிய அவரது ஆய்வுநூல் யொமியூரி இலக்கியப் பரிசு பெற்றது. 1999ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காக அவர் எழுதிய ஜப்பானிய மொழிப் பயிற்சி நூல் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. மறு ஆண்டே, எண்பது கடந்த நிலையில், தமிழ் ஆய்வை முழுமையாக விளக்கும் பெருநூலை வெளியிட்டார்.

2008ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், 88ஆம் வயதில் சுசுமு ஓனோ காலமானார். படுகரும் ஹதகேயும், மலையும் மலயும் போல உறவுடையனவா, இரு சுசுமு ஓனோக்களைப் போல ஒலியால் மட்டும் ஒத்தனவா என்னும் வழக்கில் அவர் ஒரு பக்கம் நின்றார். பிற அறிஞர் மறுபக்கம் நின்றனர். அவர் தொகுத்த அகராதியை இரு பக்கத்தாரும் பயன்படுத்தினர்.