ஒரு லட்சம் சம்பளம், ஆண் வேஷம், வெள்ளைப் புடவை: ஜோடியே இல்லாமல் ஸ்டார் ஆன கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் யார்?

திருப்பூர்க்காரங்களுக்குக் கொடுமுடி புது ஊர் இல்லை. ஆடிப்பெருக்கு அன்னைக்கு காங்கேயம் வழியா குடும்பத்தோட பஸ் பிடிச்சு, காவிரியில் முங்கி, மகுடேசுவரரைக் கும்பிட்டுட்டு வர்ற ஊர். அதே மாதிரி, தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும்போது வழியெல்லாம் கட்டியிருக்கும் மைக் செட்டில், முருகனைக் கூப்பிடும் ஒரு கனத்த பெண் குரல் கேட்குமே, அதுவும் உங்களுக்குப் புதுசா இருக்காது.

அந்தக் குரலுக்குச் சொந்த ஊர் கொடுமுடிதான். பெயர் கே.பி.சுந்தராம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கம். பாலாம்பாள் என்பது அவரது அம்மாவின் பெயர்.

திருவிளையாடல் படத்தில் வரும் அவ்வைப் பாட்டியாகத்தான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 56. அதற்கு முன்பே நாடக மேடையில் ஒரு முழு வாழ்க்கை, சினிமாவில் ஒரு பெரிய சாதனை, அரசியலில் ஒரு பதவி எல்லாம் பார்த்து முடித்திருந்தார். அதிலும் ஒரு விஷயம் விசேஷம். சினிமாவில் ஒரு நடிகை ஸ்டார் ஆக வேண்டுமென்றால் ஹீரோவுக்கு ஜோடியாக நடித்தாக வேண்டும் என்பது அன்றும் இன்றும் இருக்கும் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒரு நாளும் ஏற்கவில்லை.

ரயிலில் பாடிய சிறுமி

1908-ல் பிறந்தவர். அப்போது ஈரோடு மாவட்டமும் கிடையாது, திருப்பூர் மாவட்டமும் கிடையாது. கொடுமுடி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. குடும்பத்தில் வறுமை. ஈரோட்டிலிருந்து கரூர், திருச்சி போகும் ரயில் பாதை கொடுமுடி வழியாகத்தான் போகிறது. அந்த ரயில்களில் பாடிக் காசு வாங்கிய சிறுமி சுந்தராம்பாள்.

அந்தக் குரலை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் இரண்டு கதைகள் உண்டு. ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான திருச்சி எஃப்.ஜி.நடேச ஐயர் என்று ஒரு கதை. கரூரில் இருந்த கிருஷ்ணசாமி ஐயர் என்ற போலீஸ் அதிகாரி என்று இன்னொரு கதை. எப்படியோ, பி.எஸ்.வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று அந்தக் காலத்து நாடகம் எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டால், மற்றதெல்லாம் புரிந்துவிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தொடங்கி விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் போட்டு எழுந்துவிடுவான். நடிப்பு இரண்டாம்பட்சம், தொண்டைதான் முதல். ஸ்பெஷல் நாடகம் என்றால் இன்னும் கடினம். ஒரு கம்பெனியாக ஒத்திகை பார்த்து நடிப்பதல்ல அது. ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்தும் வரவழைத்து, ஒரே ராத்திரிக்கு மேடையேற்றுவார்கள். வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் மேடையிலேயே பாட்டால் மோதிக்கொள்ள வேண்டும். யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கத்தான் கூட்டமே வரும்.

ரயில் சத்தத்தைத் தாண்டிப் பாடிப் பழகிய சுந்தராம்பாளுக்கு இந்த மேடை நன்றாகவே பொருந்தியது. கொஞ்ச நாளில் தமிழ்நாடு மட்டுமில்லாமல் இலங்கையிலும் பெயர் பரவியது.

கொழும்பில் கிட்டப்பா

1926-ல் கொழும்பு. செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பா அப்போது தமிழ் நாடக உலகின் உச்ச நட்சத்திரம். உச்சஸ்தாயியில் அவர் பாடினால் எதிரில் நிற்பவர் வாயடைத்துப் போவார்கள் என்று பேச்சு. அவருக்கு எதிரில் சுந்தராம்பாள் நின்றார், ஈடுகொடுத்துப் பாடினார். ஜோடி சேர்ந்தது. ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதியது. மேடை ஜோடி வாழ்க்கையிலும் ஜோடியானது.

ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. இருவருக்கும் நடுவே பிணக்குகள் வந்தன, பிரிந்திருந்த காலங்களும் உண்டு. அந்தச் சமயத்தில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. பாசம், கோபம், மானம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும் கடிதங்கள். சினிமாக் காதல் மாதிரி இதை இனிப்பாகச் சொல்கிறவர்கள் அந்தக் கடிதங்களை ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு வயது 27தான். சுந்தராம்பாளுக்கு 25.

அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நகை இல்லை. இனிமேல் எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இதை வெறும் சோகக் கதையாகப் பார்த்துவிடக் கூடாது. அவர் சோறு சாப்பிட்டதே ஜோடி நாடகத்தில்தான். வள்ளி திருமணம், கோவலன் என்று அன்றைக்கு ஓடிய நாடகங்கள் எல்லாமே ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று பாடுவது. ஜோடி வேண்டாம் என்று 25 வயதில் சொல்வது, தறி வைத்திருப்பவர் நூல் வேண்டாம் என்று சொல்வது மாதிரி. தொழிலே நின்றுபோகலாம்.

மேடையை விட்டே ஒதுங்கியிருந்தவரை வெளியே கொண்டுவந்ததில் காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு என்பார்கள். சத்தியமூர்த்தியே மேடையில் நடித்தவர்தான். காங்கிரஸ் கூட்டங்களில் சுந்தராம்பாள் பாடினால் பேச்சாளரைவிட அவருக்குத்தான் கூட்டம். திருப்பூர் கதருக்குப் பேர் போன ஊராக இருந்த காலம் அது. கொங்கு நாட்டில் கதரும் காங்கிரஸும் ஒன்றாகவே நடந்தன, அந்த ஊர்வலத்தில் இவர் குரலும் சேர்ந்துகொண்டது. கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்த காந்திக்குத் தங்கத் தட்டில் சாப்பாடு வைத்ததாகவும், சாப்பாடு மட்டும்தானா தட்டு கிடையாதா என்று காந்தி கேட்டு வாங்கிப்போய் ஏலம் விட்டதாகவும் ஒரு கதை அந்தப் பக்கம் இன்றும் சொல்லப்படுகிறது.

ஒரு லட்சம் ரூபாய் எப்படி வந்தது?

தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வந்தது 1931-ல். பின்னணிப் பாட்டு அப்போது கிடையாது. கேமரா முன்னால் நிற்பவரே பாட வேண்டும். அதனால் சினிமா கம்பெனிகள் நாடகப் பாடகர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தன.

அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க சுந்தராம்பாளிடம் வந்தார். அவருக்கு நடிக்க விருப்பமில்லை. நேராக முடியாது என்று சொல்லாமல், ஆளை விரட்டுவதற்காக ஒரு தொகை சொன்னார். ஒரு லட்சம் ரூபாய். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார்!

அந்தத் தொகை எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒரு பவுன் தங்கம் 30 ரூபாய்க்குள் கிடைத்த காலம். அப்படிப் பார்த்தால் மூவாயிரம் பவுனுக்கு மேல். இந்தியாவிலேயே ஒரு படத்துக்கு ஒரு லட்சம் வாங்கிய முதல் கலைஞர் அவர்தான் என்று சினிமா வரலாறு எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சரி, சபதம் என்னாச்சு? அங்கேதான் அவர் சாமர்த்தியம். 1935-ல் வெளிவந்த அந்தப் படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேஷமேதான். பண்ணையாளாக வேலை பார்த்து, சிதம்பரம் போகத் துடிக்கும் ஆண் பாத்திரம். அவரது ஆண்டையான வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். பெண் ஆண் வேஷம் கட்டுவது நாடக மேடையில் சகஜம் என்பதால் பார்த்தவர்களுக்கும் அது அதிர்ச்சியாக இல்லை.

ஆனால் படம், செலவழித்த அளவுக்குக் கொண்டாடப்படவில்லை. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது, இன்றும் அது பேசப்படுகிறது. சம்பளம் சாதனையானது, படம் ஆகவில்லை.

துறவிகளாகவே நடித்த நட்சத்திரம்

அவருடைய முக்கியமான படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். நந்தனார் (1935) ஆண் வேஷம். மணிமேகலை (1940) துறவு பூண்ட பெண். அவ்வையார் (1953) இளமையையே வேண்டாமென்று உதறிய கிழவி. பூம்புகார் (1964) படத்தில் கவுந்தியடிகள், சமணத் துறவி. காரைக்கால் அம்மையார் (1973) படத்தில், இளவயது அம்மையாராக லட்சுமி நடிக்க, உடலைத் துறந்து பேயுருவான பிறகு வரும் அம்மையார் சுந்தராம்பாள்.

ஒன்றில்கூட ஜோடி கிடையாது. இலக்கியத்திலும் பக்திக் கதைகளிலும் கணவன், காதலன் துணையில்லாமல் தனியாக நிற்கும் பாத்திரங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. தமிழ் சினிமாவில் அதுக்கு முன்னாடி இப்படி ஒரு இடம் இருக்கவே இல்லை, அவருக்காக அந்த இடம் உண்டானது.

இதில் உச்சம் அவ்வையார்தான். ஜெமினி எஸ்.எஸ்.வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். பல வருஷம் எடுத்த படம். கோட்டையை யானைக் கூட்டம் இடிக்கும் காட்சி அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் யானைகளைத் தாண்டியும் மனசில் நிற்பது தடியூன்றி நடந்துபோகும் பாட்டிதான். நாற்பதைத் தாண்டிய பெண் ஒருவர்தான் அந்த முழுப் படத்துக்கும் ஹீரோ. இன்றைக்கும் எத்தனை தயாரிப்பாளர்கள் அப்படி ஒரு படத்துக்குப் பணம் போடுவார்கள் என்று தெரியவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1951-ல், காங்கிரஸ் சார்பில் சென்னை மாநில மேல்சபை உறுப்பினர் ஆகியிருந்தார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் கலைஞர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் பின்னிப் பிணைந்ததைப் பற்றிப் பேசும்போது எம்.ஜி.ஆரிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். கொடுமுடியிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை.

நாத்திகர் வசனத்தில் ஆத்திகர்

பூம்புகார் படத்துக்குக் கதை வசனம் கலைஞர் கருணாநிதி. இவரோ பழுத்த பக்தை, கட்சியும் காங்கிரஸ். கடவுளைக் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு வரி பாட்டில் வந்ததால் பாட மாட்டேன் என்று சுந்தராம்பாள் நின்றுவிட்டதாகவும், கலைஞர் அந்த வரியை மாற்றிக் கொடுத்ததாகவும் சினிமா வட்டாரத்தில் சொல்வார்கள். இரண்டு பேருமே தங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காதவர்கள். ஆனாலும் வேலை நடந்தது, படமும் ஓடியது.

அடுத்த வருஷமே ஏ.பி.நாகராஜனின் திருவிளையாடல். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிவிட்ட முருகனைச் சமாதானம் செய்யும் அவ்வை. கொஞ்ச நேரம்தான் வருவார். அந்தக் கொஞ்ச நேரம்தான் இன்றைக்கும் எல்லோர் போனிலும் ஓடுகிறது. பிறகு 1967-ல் கந்தன் கருணை, மறுபடியும் அவ்வை.

கோயம்புத்தூர்க்காரரான சாண்டோ சின்னப்பா தேவரின் துணைவன் 1969-ல் வந்தது. அதில் பாடியதற்காக சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. முந்தைய வருஷம் பி.சுசீலா வாங்கிய விருது அது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், பாட்டைத் தனியே ரெக்கார்டிங் தியேட்டரில் பதிவு செய்யும் முறையே இல்லாத காலத்தில் தொழிலுக்கு வந்தவர், அந்த முறைக்கான விருதை வாங்கினார். 1970-ல் பத்மஸ்ரீ.

சம்பாதித்ததில் சொந்த ஊரில் ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். 1980-ல் காலமானார். கிட்டப்பா போய் அப்போது 46 வருஷம் முடிந்திருந்தது. அத்தனை வருஷமும் அதே வெள்ளைப் புடவைதான்.

அவ்வையார் படம் யூடியூபில் கிடைக்கிறது. நேரமில்லை என்றால் திருவிளையாடல் காட்சியை மட்டுமாவது ஹெட்போன் இல்லாமல், போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அடுத்த ரூமுக்கும் கேட்கும்.