மா. கிருஷ்ணன் கற்பித்த பாடம்

எனது ஊர் மணிமுத்தாறு. அணைக்கரையில் நின்று மேற்கே நோக்கினால் மலையும் காடுமாய்க் கண்ணுக்கு விருந்தாகும். சென்ற கோடை விடுமுறையில் அருவிக்குச் செல்லும் வழியில், நீர்மருத மரமொன்றில் கருமந்தி ஒன்று அமர்ந்திருக்கக் கண்டேன். அண்ணனிடம் இரவல் வாங்கிய காமிராவில் அதைப் படம் பிடித்தேன். மந்தி சிறிதாகவும் மரம் பெரிதாகவும் விழுந்திருந்தன. முகம் மட்டும் நிறையும்படி நான்கு புறமும் வெட்டிப் பெரிதாக்கி, துறைக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள்.

எங்கள் தாவரவியல் பேராசிரியர் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, மந்தி எந்த மரத்தில் இருந்தது, என்ன தின்றுகொண்டிருந்தது, அதன் வால் எங்கே என்று கேட்டார். விடைகள் எல்லாம் நான் வெட்டி எறிந்த பகுதியில் இருந்தன. தலை குனிந்து நின்ற என்னை, திருநெல்வேலியில் பிறந்த ஒருவரைப் பற்றிப் படித்துவிட்டு வரும்படி நூலகத்துக்கு அனுப்பினார். அவர்தாம் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய பெருங்குளம் அ. மாதவையாவின் கடைசி மகன் அவர். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிய அன்றே, அந்த மன்றத்திலேயே மாதவையா உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். அங்கே பேராசிரியர் பைசன் அவருக்குத் தாவர இயலில் பற்றை ஊட்டினார். ஆகவே விலங்கைப் பார்க்கும் கண்ணோடு, செடியையும் மரத்தையும் பெயர் சொல்லி அறியும் கண்ணும் அவருக்கு வாய்த்துவிட்டது.

சட்டமும் படித்தார், ஆயினும் வக்கீல் தொழிலில் மனம் ஒன்றவில்லை. 1942இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்றார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் என்று பல பொறுப்புகளை அங்கே வகித்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பிய அவர், வேறு உத்தியோகம் தேடாமல் எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி 46 ஆண்டுகள் நீடித்தது.

அவருடைய காமிரா ஒரு விந்தை. உடல் ஒரு வகை, லென்ஸ் வேறு வகை. தாமே பாகங்களை ஒன்றுசேர்த்துக் கட்டி, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். வண்ணப் படச்சுருள் பரவலான பின்னும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. முதுமலை போன்ற காடுகளில் நடந்தும், பழக்கிய யானையின் மீது அமர்ந்தும் காட்டு யானைகளைப் படமெடுத்தார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவரது ஆய்வை, 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக வெளியிட்டது.

அவர் ஓவியரும் ஆவார். தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் வரைந்தார். எனக்கு இதில் ஒரு பொருள் புலப்படுகிறது. ஓவியன் வெற்றுத் தாளில் வேண்டியதை மட்டும் சேர்க்கிறான். புகைப்படக்காரனோ நிறைந்த சட்டத்திலிருந்து வேண்டாததை நீக்குகிறான். இரண்டுக்கும் எது வேண்டும் என்று அறியும் அறிவு முன்னே வர வேண்டும். அவரது யானைப் படங்களில் புல்லும் மரமும் யானையோடு சேர்ந்தே நிற்கின்றன. அவற்றை வெட்டிவிட்டால் அது காட்டு யானையா, கோயில் யானையா என்றே சொல்ல இயலாது.

படித்துத் திரும்பியதும் மூலப் படத்தைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். 'ட' வடிவில் நறுக்கிய இரண்டு அட்டைகளைப் படத்தின் மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினோம். வெளிறிய வானமும் சாலையோரத் தடுப்புச் சுவரும் வெளியே போயின. கையிலிருந்த தளிரும், தொங்கும் நீண்ட வாலும், மரத்தின் வெளிர்ந்த பட்டையும் உள்ளே நின்றன. மந்தி பார்க்கும் திசையில் சற்று இடம் விட்டோம். மிகுதியாக வெட்டிப் பெரிதாக்கினால் அக்காலத்தில் படத்தில் மணல் போல் பொரி தெரியும்; இக்காலத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். என் முதல் படத்தில் அக்குறையும் இருந்ததை அப்போதுதான் கண்டேன். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினோம். முகம் தெரிந்த முதல் படமே அழகு என்று சில நண்பர்கள் இன்றும் கூறுகிறார்கள். ஆனால் ஒரு மாணவி வந்து, இது நீர்மருதுதானே என்று கேட்டாள். அக்கேள்வியை முதல் படம் ஒருபோதும் எழுப்பியிராது.

கிருஷ்ணனுக்கு 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் அவர் அங்கம் வகித்தார். 1988இல் நம் களக்காடு முண்டந்துறைக் காடுகள் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! மணிமுத்தாற்றுக்கு வருவோர் பலர் கையிலும் இன்று காமிரா இருக்கிறது. படத்தை வெட்டுங்கள், தவறில்லை. மூலப் படத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். வெட்டுமுன், கற்றறிந்த ஒருவரிடம் காட்டி, எது போகலாம், எது போகக்கூடாது என்று கேளுங்கள். மந்தியை வைத்துக்கொண்டு மரத்தை எறியும் பழக்கம் படத்தோடு நின்றுவிடுவதில்லை.