காற்றைச் சக்கரத்தில் கட்டியவர்

நுழையும்முன்

மிதிவண்டியின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால், உள்ளே அடைபட்ட காற்று விரலைத் திருப்பித் தள்ளும். வண்டியையும் அதில் அமர்ந்திருப்பவரையும் தாங்கி நிற்பது அந்தக் காற்றுதான். அதனைத் தம் வீட்டு முற்றத்தில் சோதித்துப் பார்த்து, உலகின் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தவர் பொறியாளர் அல்லர். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் மருத்துவம் பார்த்தவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் தொழிலும்

ஜான் பாய்ட் டன்லப், ஸ்காட்லாந்து நாட்டின் டிரெக்ஹார்ன் என்னும் சிற்றூரில், 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தாம் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்று கேட்டு வளர்ந்ததால், தமக்கு உடல்வலிமை குறைவு என்னும் எண்ணம் வாழ்நாள் முழுவதும் அவர் மனத்தில் தங்கியிருந்தது.

எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் பயின்ற அவர், 19 வயதிலேயே தேர்ச்சி பெற்று மருத்துவரானார். சில ஆண்டுகள் தாய்நாட்டில் பணிபுரிந்தபின், 1867-இல் கடல் கடந்து அயர்லாந்திற்குச் சென்றார். 1871-இல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் நடத்திய கால்நடை மருத்துவமனை, அயர்லாந்தின் மிகப் பெரிய கால்நடை மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. பிறந்த ஊரை விட்டு வந்த இடத்தில், உழைப்பால் நற்பெயர் பெற்றார் டன்லப். அவர் வாழ்க்கை அவ்வாறே அமைதியாக முடிந்திருக்கக்கூடும். அதனைத் திசைதிருப்பியது ஒரு சிறுவனின் மூன்று சக்கர மிதிவண்டி.

முற்றத்தில் ஒரு சோதனை

அக்காலத்தில் வண்டிச் சக்கரங்கள் மரத்தால் செய்யப்பட்டு, இரும்புப் பட்டை பூட்டப்பட்டிருந்தன. மிதிவண்டிகளின் சக்கரங்களில் மெல்லிய கெட்டி ரப்பர் வளையம் இருந்தது. பெல்ஃபாஸ்ட் நகர வீதிகளோ கற்கள் பாவியவை. அவ்வீதிகளில் டன்லப்பின் மகன் ஜானி தன் வண்டியை ஓட்டும்போது, ஒவ்வொரு கல்லின் அதிர்வும் அவன் உடலைக் குலுக்கியது. மகனின் துன்பத்தைக் கண்ட தந்தை, அதிர்வைத் தாங்கும் சக்கரம் ஒன்றைச் செய்ய இயலுமா என்று சிந்திக்கத் தொடங்கினார்.

1887-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அவர் மரத்தால் ஆன வட்டத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர்த் தாளை ஒட்டி ஒரு குழாய் செய்தார். அக்குழாயைத் தட்டின் விளிம்பைச் சுற்றி வைத்து, அதன்மேல் துணிப்பட்டையைப் போர்த்தி, ஆணிகளால் இறுக்கினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் கருவியைக் கொண்டு குழாயில் காற்றை நிரப்பினார். இவ்வாறு காற்றடைத்த சக்கரம் ஒன்று உருவாயிற்று.

அது நன்கு ஓடுமா என்பதை அறிய அவர் ஓர் எளிய சோதனையைச் செய்தார். மகனின் வண்டியிலிருந்து கழற்றிய சக்கரத்தையும் தாம் செய்த சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். வண்டிச் சக்கரம் சிறிது தூரம் ஓடித் தள்ளாடி விழுந்தது. காற்றடைத்த சக்கரமோ முற்றம் முழுவதையும் கடந்து, வாயில் தூணில் மோதித் திரும்பித் துள்ளியது.

இதற்குக் காரணம் என்ன? கெட்டியான சக்கரம் ஒரு சிறு கல்லின்மேல் ஏறும்போது, வண்டி முழுவதும் மேலே தூக்கப்பட்டு மறுபுறம் விழுகிறது. அவ்வாறு எழும்பி விழுவதிலேயே ஓட்டுபவரின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. காற்றடைத்த சக்கரத்திலோ, கல் டயருக்குள் அழுந்துகிறது. வண்டி அதிகம் மேலெழாமல் செல்கிறது. மகனின் உடல்வலியைக் குறைக்க எண்ணிய தந்தை, வேகத்திற்கும் வழி கண்டுவிட்டார்.

நிலவொளியில் ஓர் ஓட்டம்

1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜானியின் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டிலும் புதிய டயர்கள் பொருத்தப்பட்டன. வேலை முடிந்தபோது இரவாகிவிட்டது. விடியும்வரை காத்திருக்கச் சிறுவனுக்குப் பொறுமை இல்லை. நிலவொளியில் வண்டியை எடுத்துக்கொண்டு வீதிக்குச் சென்றான். அன்று சந்திர கிரகணம். நிலவு மறைந்து இருள் சூழ்ந்ததும் வீடு திரும்பினான். கிரகணம் விலகியதும் மீண்டும் புறப்பட்டுவிட்டான். மறுநாள் காலையில் டயர்களை ஆராய்ந்தபோது, கற்கள் பாவிய வீதியில் ஓடியும் அவற்றில் சேதம் காணப்படவில்லை.

அதன்பின் டன்லப் பெரிய மிதிவண்டிக்கு ஏற்ற டயர்களைச் செய்து சோதித்தார். அவற்றிற்கு அவர் கோரிய காப்புரிமை, 1888-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் வழங்கப்பட்டது.

சிரிப்பை வென்ற சக்கரம்

புதிய டயர் பருமனாக இருந்தது. மெல்லிய சக்கரங்களையே பார்த்துப் பழகிய மக்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. பெல்ஃபாஸ்ட் நகர மிதிவண்டிக் குழு ஒன்றின் தலைவரான வில்லி ஹியூம், பொதுமக்களுள் முதல் ஆளாக இந்த டயர் பூட்டிய மிதிவண்டியை விலைக்கு வாங்கினார். 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பெல்ஃபாஸ்டில் நடந்த விளையாட்டு விழாவில் அவ்வண்டியுடன் களம் இறங்கினார். அதன் தோற்றத்தைக் கண்டு கூட்டத்தினர் நகைத்தனர். ஆனால், அன்று நடந்த நான்கு மிதிவண்டிப் பந்தயங்களிலும் ஹியூமே வெற்றி பெற்றார். நகைத்தவர்கள் வியந்து நின்றனர்.

அவரிடம் தோற்றவர்களுள் ஹார்வி டு குரோ என்னும் வணிகரின் மைந்தர்களும் இருந்தனர். தம் மக்களை வென்ற டயரின் ஆற்றலை உணர்ந்த அவ்வணிகர், டன்லப்புடன் இணைந்து டப்ளின் நகரில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். டன்லப் தம் காப்புரிமையை அந்நிறுவனத்திற்கு அளித்தார்.

மறக்கப்பட்ட முன்னோடி

இரண்டு ஆண்டுகளுக்குள் பேரிடி போன்ற செய்தி ஒன்று வந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஏனெனில், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 23. டன்லப்போ அப்போது ஐந்து வயதுக் குழந்தை.

தாம்சன் ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, மேலே தோல் உறையைப் பூட்டினார். அத்தகைய சக்கரங்கள் பொருத்தப்பட்ட குதிரை வண்டிகள் 1847-இல் லண்டன் பூங்கா ஒன்றில் ஓடிக் காட்டப்பட்டன. எனினும், அவற்றைச் செய்வதற்குச் செலவு மிகுதி. அவற்றை விரும்பி வாங்க அன்று மிதிவண்டிகளும் இல்லை. மோட்டார் வண்டிகளும் இல்லை. காலத்திற்கு முந்திப் பிறந்த அக்கண்டுபிடிப்பை உலகம் மறந்துபோயிற்று. தாம்சன் 1873-இல் மறைந்தார்.

டன்லப் அவரைப் பார்த்துச் செய்யவில்லை. தாம்சனின் முயற்சியை அவர் அறிந்திருக்கவே இல்லை. ஆயினும், முதலில் எண்ணியவர் என்னும் சிறப்பு தாம்சனுக்கே உரியது. மக்கள் பயன்படுத்தும் பொருளாக அதை ஆக்கிய சிறப்பு டன்லப்பிற்கு உரியது. ஒருவருக்கு உரியதை மற்றவருக்குத் தராமல், இருவரையும் நினைவில் வைப்பதே நேர்மையான வரலாறு ஆகும்.

காப்புரிமை போனபின்னும் நிறுவனம் வீழவில்லை. முதல் டயர்களைச் சக்கரத்திலிருந்து கழற்றுவது கடினம். முள் குத்தினால் பழுதுபார்ப்பது பெரும்பாடு. எளிதில் கழற்றி மாட்டும் முறைகளை 1890-இல் வெல்ச், பார்ட்லெட் என்னும் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தனர். அவர்களுடைய உரிமைகளை வாங்கி நிறுவனம் தழைத்தது. 1895-இல் பிரான்சு நாட்டின் மிஷலின் உடன்பிறப்புகள், மோட்டார் வண்டியிலும் காற்றடைத்த டயரைப் பூட்டி நெடுந்தூரப் பந்தயத்தில் ஓட்டினர். மிதிவண்டிக்குப் பிறந்த டயர் மோட்டார் வண்டிக்கும் உரியதாயிற்று.

பெயரும் முகமும்

டன்லப் 1895-இல் நிறுவனத்திலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் 30 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதனை 50 இலட்சம் பவுண்டுக்கு மறுபடியும் விற்றார். அப்பெருஞ்செல்வத்தில் டன்லப்பிற்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர் பெயர் மட்டும் நாடு நாடாகச் சென்றது.

அவருடைய முகமும் வணிகச் சின்னமாயிற்று. முதுமையில் அதுவே அவருக்கு வருத்தம் தந்தது. உயரமான தொப்பியும் கைத்தடியும் கொண்ட நாகரிக ஆடவர் ஒருவரின் உடலில் அவருடைய தலையைப் பொருத்தி, நிறுவனம் விளம்பரப் படங்களை வெளியிட்டது. எளிமையாக வாழ்ந்த டன்லப் அதனை இழிவாகக் கருதினார். இழந்த பணத்திற்காக அன்று, தம் தோற்றத்தின் மதிப்பிற்காகவே அவர் வழக்குத் தொடுத்தார். 80 வயதில் அவர் நடத்திய அவ்வழக்கு, பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை சென்றது.

உடல்வலிமை குறைந்தவர் என்று தம்மைக் கருதியிருந்த டன்லப், 81 ஆண்டுகள் வாழ்ந்தார். 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் டப்ளின் நகரில் இயற்கை எய்தினார். காற்றடைத்த டயரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதியது, அவர் மறைந்தபின் நூலாக வெளிவந்தது.

ஒரு முற்றம், ஒரு மரத்தட்டு, ஒரு துணிப்பட்டை, பந்துக்குக் காற்றடிக்கும் கருவி ஆகியவையே அவருடைய ஆய்வுக்கூடம். தம் குழந்தையின் துன்பத்தை உற்று நோக்கியதே அவருடைய ஆய்வின் தொடக்கம். அன்று ஒரு சிறுவனுக்காகச் செய்த சக்கரம், இன்று பள்ளிப் பேருந்தையும் மருத்துவ ஊர்தியையும் தாங்கி ஓடுகிறது.

சொல்லும் பொருளும்

பாவிய – பரப்பிய
முற்றம் – வீட்டைச் சேர்ந்த திறந்த வெளி
காப்புரிமை – கண்டுபிடிப்பு மீது அரசு தரும் உரிமை
முன்னோடி – முதலில் வழி காட்டியவர்
மைந்தர் – ஆண் மக்கள்
தழைத்தது – செழித்து வளர்ந்தது

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டன்லப் காற்றடைத்த சக்கரத்தைச் செய்ய நினைத்தது ஏன்?
2. முற்றத்தில் உருட்டிய இரு சக்கரங்களும் எவ்வாறு ஓடின?
3. டன்லப்பின் காப்புரிமை செல்லாமற்போனது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
1. நிலவொளி 2. காப்புரிமை 3. விளையாட்டு விழாவில் நடந்த பந்தயம் பற்றிய பத்தியிலிருந்து நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல்

இ. சிந்தித்து எழுதுக.
காற்றடைத்த சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருவர் கேட்டால், நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
நன்கு காற்றடைத்த பந்து ஒன்றையும் காற்று குறைந்த பந்து ஒன்றையும் ஒரே சாய்தளத்திலிருந்து உருட்டிவிடுக. எது நெடுந்தூரம் செல்கிறது என்று அளந்து, கண்டதைத் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.